கழற்றி வைக்காதவர்

ஈரமான பிளாஸ்டர் துணியை இரண்டு கைகள் தொடையைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடியது. இழுத்துச் சுற்றினால் சதை பிதுங்கிவிடும். தளர விட்டால் அச்சில் பள்ளம் விழும். கட்டைவிரல்கள் அவ்வப்போது நின்று, எலும்பு முடியும் இடத்தைத் தடவிப் பார்த்து, மறுபடி நகர்ந்தன. அந்தத் தொடை முழங்காலுக்கு மேலேயே முடிந்துபோயிருந்தது.

“இப்ப எடைய இறக்குங்க அண்ணே.”

“எங்க இறக்குறது? அடுத்த ஸ்டாப்லயா?”

“இங்கயேதான். இந்த வளையத்துல முழுசா ஊன்றி நில்லுங்க.”

“ஈரமா இருக்கு தங்கச்சி. நசுங்கிடப் போவுது.”

“நசுங்காது. உங்க எடை தெரியாம நான் கால் செஞ்சா அது படுத்திருக்கிற ஆளுக்குத்தான் பொருந்தும்.”

அவர் இரண்டு பக்கக் கம்பிகளையும் பிடித்துக்கொண்டு, பஞ்சு சுற்றிய வளையத்துக்குள் தொடையை இறக்கி நின்றார். பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும். அந்தச் சூடு அடங்கும்வரை அவள் இரண்டு கைகளாலும் அதை அணைத்துப் பிடித்தபடி மண்டியிட்டிருந்தாள். பிறகு வெட்டி, உருவி, அச்சைத் தட்டில் வைத்தாள்.

மருத்துவமனையின் பின்பக்கத்தில் இருந்த அந்தப் பட்டறையில் எல்லோரும் அவளைக் கால்காரம்மா என்றார்கள். முதலில் அவள் அங்கே வார் தைக்க வந்தவள். செயற்கைக் கால்கள் மரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறிய காலத்தில், பிளாஸ்டர் கலக்க ஆள் இல்லாத ஒருநாள் கலக்கிக் கொடுத்தாள். பிறகு அரம் பிடித்தாள். பிறகு அச்சு எடுத்தாள். சொல்லிக் கொடுத்தவர் என்று யாரும் இல்லை. திரும்பி வந்த கால்கள்தான் சொல்லிக் கொடுத்தன. புண்ணோடு வந்த ஒவ்வொருவரின் காலையும் வாங்கி, எங்கே உரசியது என்று விரலால் தேடுவாள்.

அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவன் அதே மருத்துவமனையில் வண்டி ஓட்டியவன். முதுகுத் தண்டில் வந்த நோயால் நெடுநாள் படுக்கையில் கிடந்து இறந்தான். அவன் போன பிறகு அறையில் இரண்டாவது நாற்காலியில் துவைத்த துணிகளைப் போட்டு வைக்க ஆரம்பித்தாள். சனிக்கிழமை பட்டறை பூட்டியதிலிருந்து திங்கள் காலைவரை அவள் பேசுவது மாதா கோயிலில் மட்டும்தான். பூசையின் நடுவே பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லிக் கை கொடுப்பார்களே, அந்த ஒரு வார்த்தை. வாரம் முழுக்க அடுத்தவர் உடம்பைத் தொட்டுக்கொண்டிருப்பவளை வாரத்தில் ஒருமுறை வேறொரு கை தொட்டது. சில ஞாயிறுகளில் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். அப்போது அதுவும் இல்லை.

அச்சுக்கு நின்ற மனிதர் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் முதலில் விரலை எடுத்தது, பிறகு பாதத்தை, பிறகு முழங்காலையும் கொண்டுபோனது. மனைவி முன்பே இறந்துவிட்டாள். அவருடைய அறை ஒரு பழைய கட்டிடத்தின் மேல்மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கீழே பேருந்து நிலையம். கால் போன பிறகு அந்த அறை பூட்டிக் கிடந்தது. அவர் மருத்துவமனை விடுதியில் கட்டிலும் ஊன்றுகோலுமாக இருந்தார். வேறு நகரத்தில் வேலை பார்க்கும் மகன் நியாயமானவன்தான். அவன் போட்டது ஒரே நிபந்தனை: மாதக் கடைசிக்குள் அப்பா தன் படியைத் தானே ஏறி இறங்கினால் அறையிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் அறையைக் காலி செய்துவிட்டு முதியோர் இல்லம்.

“இல்லத்துல எல்லாரும் உக்காந்தே இருப்பாங்களாம். நான் வாழ்நாள் முழுக்க நின்னுகிட்டே வந்தவன். எனக்கு ஒத்து வருமா சொல்லு” என்றார் கண்டக்டர்.

கால் தயாரானது. தொடை உட்காரும் கூடு, அதன் கீழே பூட்டுப் போட்ட மூட்டு, குழாய், பாதம். மேலே மூடி அழகு செய்யும் வேலை கடைசியில்தான். பட்டறையில் எல்லோருக்கும் போடும் கறுப்பு ஷூவை மாட்டி, கம்பிகளுக்கு நடுவே அவரை நடக்க வைத்தார்கள். நடந்தார். பயிற்சிக்காக வைத்திருந்த மரப்படியிலும் ஏறி இறங்கினார்.

நடை பழக்கும் பெண் கைதட்டினாள். “சூப்பர் தாத்தா!”

“தாத்தாவா? பஸ்ல ஏறினா எந்திரிச்சு எடம் குடுப்பியா?”

“குடுப்பேன்.”

“பொய். ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குற மாதிரி நடிப்பே. உன்ன மாதிரி எத்தன பேரப் பாத்திருக்கேன்.”

ஆனால் அவருடைய சொந்தப் படியில் கதை வேறாக இருந்தது. மகனும் நடை பழக்கும் பெண்ணும் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று படிதான் ஏறியிருப்பார். கைப்பிடியைக் கட்டிக்கொண்டு, ஒரு அடி கூட மாட்டேன் என்று நின்றுவிட்டார். முகம் வெளுத்துவிட்டதாம். யாரோ நெஞ்சில் கை வைத்துப் பின்னால் தள்ளுகிறார்கள் என்றாராம்.

“பயம்தான்க்கா. இங்க ஏறுறாரு, அங்க ஏற மாட்டேங்கிறாரு. கால்ல ஒண்ணும் இல்ல, மனசுலதான்” என்றாள் அந்தப் பெண். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கால்காரம்மாவும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். ஆனாலும் கூட்டின் விளிம்பை அரத்தால் இழைத்துக் கொடுத்தாள். பலன் இல்லை. மறுபடி இழைத்தாள். மறுபடி படியில் நின்றுவிட்டார். மகன் இல்லத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தான்.

அன்று கண்டக்டர் காலைக் கழற்றி மேசையில் போட்ட வேகத்தில் திருகு முடுக்கும் அலன் கீ தெறித்து விழுந்தது.

“எல்லாரும் சொல்றீங்க, ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு. நீ இத மாட்டிப் பாத்திருக்கியா? செய்யத் தெரியும், சரி. மாட்டியிருக்கியா?”

“எனக்கு ரெண்டு காலும் இருக்கே அண்ணே.”

“அதான் சொல்றேன். மேல இருக்கிறவனும் அப்படித்தான். அவனுக்கு எல்லாமே இருக்கு. உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பான்.”

அவள் குனிந்து அலன் கீயை எடுத்தாள். கணவன் கிடந்த நாட்களில் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதையே ஆறுதலாகச் சொன்னார்கள்: கடவுள் பாத்துக்கிட்டுதான் இருக்காரும்மா. பார்க்கிறார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். துடைத்துவிட்டாள், புரட்டிப் படுக்க வைத்தாள், ஊட்டினாள். ஒருநாள் மாலை மருந்து வாங்கக் கிளம்பியபோது அவன் சுவரைப் பார்த்தபடி சொன்னான்: “உனக்கென்ன, நீ வெளிய போயிட்டு வருவே.” கோபம் இல்லை அந்தக் குரலில். பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னான். அவள் போனாள், வாங்கிக்கொண்டு வந்தாள். ஆனால் அந்தக் கதவை எப்படிக் கடந்தாள் என்பது இன்றுவரை அவளுக்கு நினைவில்லை.

மறுநாள் விடுமுறை. பட்டறையைத் திறந்து, பழைய பெரிய கூடு ஒன்றை எடுத்து அறுத்தாள். முழங்காலை மடக்கி உள்ளே ஊன்றும்படி பஞ்சு வைத்தாள். மடங்கிய காலைத் தொடையின் பின்பக்கத்தோடு சேர்த்துக் கட்ட வார் தைத்தாள். கீழே கண்டக்டருக்குப் போட்ட அதே மாதிரி பாதம், அதே சரிவு, அதே கறுப்பு ஷூ. கட்டிக்கொண்டு எழுந்தபோது கம்பியைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. யாரும் இல்லாத பட்டறையில் அவள் நடந்து பழகினாள். இரண்டு தடவை விழுந்தாள். ஒரு தடவை விழுந்து அப்படியே தரையில் கிடந்து, மேசைகளின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். அங்கெல்லாம் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

மதியத்துக்கு மேல் விடுதிக்குப் போய்க் கண்டக்டரைக் கூப்பிட்டாள். “வாங்க, உங்க படிக்குப் போவோம்.”

“எதுக்கு? நான் தொங்குறத வேடிக்கை பாக்கவா?”

“இல்ல. இன்னிக்கு நான் தொங்குறேன். நீங்க வேடிக்கை பாருங்க.”

பையிலிருந்து அவள் எடுத்த சாமானைப் பார்த்ததும் அவர் வாய் அடைத்துப்போனது. கண்டக்டர் வாய் அடைப்பது சாதாரண விஷயம் இல்லை.

கட்டிடத்தின் கீழ்வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. படி கழுவுகிற பெண்மணி கண்டிப்பானவள். யாராக இருந்தாலும் அங்கேயே கழற்ற வேண்டும். கால்காரம்மா வாசலிலேயே அந்தச் சாமானைக் கட்டிக்கொண்டு, தன் செருப்பையும், கட்டிய காலின் கறுப்பு ஷூவையும் கழற்றி ஓரமாக வைத்தாள். கைப்பிடியைப் பிடித்து முதல் படியில் ஏறினாள். இரண்டாவதில் ஏறினாள். மூன்றாவதில் செயற்கைப் பாதத்தை ஊன்றி உடம்பை முன்னால் கொண்டுபோகும்போது, அது நடந்தது. பாதம் உருள மறுத்தது. நெஞ்சில் ஒரு கை பட்டதுபோல உடம்பு பின்னால் போனது. அவளுக்குக் கீழே இரண்டு படிதான் இருந்தது. ஆனால் கிணற்று விளிம்பில் நிற்பதுபோல இருந்தது. கைப்பிடியைக் கட்டிக்கொண்டாள்.

கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்த கண்டக்டர் அண்ணாந்து கேட்டார். “என்ன தங்கச்சி?”

“தள்ளுதுண்ணே.”

“எங்க?”

“நெஞ்சுல. கை வச்சுத் தள்ற மாதிரி.”

அவர் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டு, “அப்ப நான் பைத்தியம் இல்ல” என்றார்.

“இல்ல. நான்தான் பைத்தியம். பட்டறையில எல்லாருக்கும் ஷூவப் போட்டே சரிவு வைக்கிறோம். ஷூவுக்குக் குதிகால் ஒசரம். அதக் கழட்டினா குதிகால் கீழ போயிடுது, மொத்தக் காலும் ஆளப் பின்னால சாய்க்குது. வெறுங்கால்ல எங்க நடக்கப் போறீங்கன்னு இத்தன வருஷத்துல ஒருத்தரையும் நாங்க கேட்டதில்ல.”

“அப்ப சரி பண்ணிடலாமா?”

“கணுக்கால்ல ஒரு திருகு. அவ்வளவுதான். ஆனா வெளிய போகும்போது தட்டையான செருப்புதான் போடணும். ஒசந்த ஷூ போட்டீங்கன்னா அப்புறம் முன்னால தள்ளும்.”

“நான் என்ன மாப்பிள்ளையா ஷூ போட? சர்வீஸ் முழுக்கச் செருப்புதான்.”

அவள் பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வார்களை அவிழ்த்தாள். மடங்கியிருந்த கால் மரத்துப்போயிருந்தது. நீட்டியதும் எறும்பு ஊர்ந்தது. தேய்த்துவிட்டுக்கொண்டாள். கண்டக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்குப் பரவால்ல தங்கச்சி. கழட்டிடலாம்.”

குத்திக் காட்டவில்லை. கணவன் அன்று பேசிய அதே குரல், பேருந்து நேரம் சொல்லும் குரல். அவள் கை அப்படியே நின்றது.

ஞாயிறன்று பூசையில் விசுவாச அறிக்கை சொல்லும்போது, கடவுளின் மகனைப் பற்றி அவர் மனிதரானார் என்று வரும் இடத்தில் எல்லோரும் தலை குனிந்தார்கள். சின்ன வயதிலிருந்து அந்த இடத்தில் அவள் தலை தானாகக் குனியும். அன்றும் குனிந்தது. ஆனால் மற்றவர்கள் அடுத்த வரிகளுக்குப் போன பிறகும் அவள் நிமிரவில்லை.

அவள் அந்தச் சாமானைக் கட்டியது தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள. கடவுளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? செய்தவருக்கு ஒவ்வொரு எலும்பும் தெரியும். பார்த்தாலே போதும் அவருக்கு. பிறகு எதற்கு இறங்கி வர வேண்டும்? ஒரு பெண்ணின் வயிற்றில் மடங்கிக் கிடந்து, பால் குடித்து, பசித்து, முள் குத்தி, தூங்கி விழுந்து, கடைசியில் தாகம் என்று கேட்டு? அவள் ஒரு மதியம் மடங்கிக் கிடந்தாள், கால் மரத்தது, அவிழ்த்துவிட்டாள். அவரும் அவிழ்த்திருக்கலாம். உயிர்த்து எழுந்தபோது, வேலை முடிந்தது என்று உடம்பை ஒரு மூலையில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? போடவில்லை. காயத்தோடு வந்து, தொட்டுப் பார் என்று கையை நீட்டினார். அந்த உடம்போடுதான் மேலே போனார். இன்னும் அதிலேயே இருக்கிறார். அப்படியென்றால் சுவரைப் பார்த்துக் கிடந்தவனின் அறையில், வெளியே போய்விட்டு வர முடியாத ஒருவர் அன்றும் இருந்தார்.

பக்கத்து இருக்கை அன்றும் காலி. சமாதானம் சொல்லும் நேரத்தில் அவள் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டு அழுதாள். அழுகை ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. கணவனிடம் இதைச் சொல்லியிருக்கலாமே என்றிருந்தது. அவன் இல்லை. வீட்டுக்குப் போனபோது நாற்காலியில் துணிகள் அப்படியே கிடந்தன.

திங்களன்று கண்டக்டரின் காலில் கணுக்கால் திருகைத் தளர்த்தி, பாதத்தை வெறுங்காலுக்குச் சரித்து இறுக்கினாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். திருகை இறுக்கியபடியே, நிமிராமல் சொன்னாள்.

“அண்ணே, அவரு கழட்டலண்ணே.”

“யாரு?”

“மேல இருக்கிறவன்னு சொன்னீங்களே.”

கண்டக்டருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. “ஓ. சாமியப் பத்திப் பேசுறியா? நான் கோயிலுக்குப் போயே ரொம்பக் காலமாச்சு.” பிறகு விடாமல் கேட்டார். “ஏன், அவருக்குச் சர்க்கரை வந்துச்சா? வயசாச்சா? பொண்டாட்டி செத்துச்சா? நல்லா எளவட்டத்துலயே போயிட்டாரு.”

“அதெல்லாம் வரல.”

“பின்ன?”

“மனுஷ உடம்ப மாட்டினாரு. வேல முடிஞ்சதும் கழட்டி வச்சிருக்கலாம். வைக்கல. ஆணி அடிச்ச ஓட்டையோடயே போயிருக்காரு. இப்பவும் அப்படியேதான் இருக்காரு. எனக்கு அது மட்டும்தான் தெரியும்.”

அவர் தன் மீதித் தொடையைத் தடவிக்கொண்டார். “இன்னும் வலிக்குமா அவருக்கு?”

“தெரியலண்ணே.”

“எனக்கு வலிக்குது. இல்லாத கட்டைவிரல் இன்னும் அரிக்குது.” அவள் கையிலிருந்த பாதத்தைப் பார்த்தார். “ஓட்டையோடயா போனாரு… மொத்தமா சரி பண்ணிக்கிட்டுப் போயிருக்கலாமே. அவரால முடியாதா என்ன?”

“முடியும்.”

திருகு தளராமல் இருக்க அவள் ஒரு சொட்டுப் பசை விட்டாள், அது காயும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

மாதக் கடைசியில் மகன் வந்தான். கட்டிடத்தின் கீழ்வாசலில் கண்டக்டர் செருப்பைக் கழற்றினார். செயற்கைப் பாதத்தின் செருப்பை மகன் குனிந்து கழற்றினான். மூன்றாவது படியில் அவர் நின்றபோது, வாசலில் நின்ற கால்காரம்மா கைப்பிடியைப் பற்றினாள்.

“என்னப்பா, தள்ளுதா?”

“இல்லடா. இங்கதான் தள்ளுச்சுன்னு ஞாபகம் வச்சுக்கிறேன்” என்று சொல்லிவிட்டு ஏறினார். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் இளைப்பாறினார். மேலே போய்ச் சாவி கேட்டுச் சத்தம் போட்டார். ஜன்னல் திறக்கும் ஓசை கேட்டது. வெகு நேரம் கழித்து, படிக்குப் படி மகனைத் திட்டிக்கொண்டே இறங்கி வந்தார். நாளுக்கு ஒருமுறைதான் இது முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மகன் இல்லத்துக்குப் போன் செய்து, இப்போதைக்கு வேண்டாம் என்றான். இப்போதைக்கு என்ற வார்த்தையைக் கண்டக்டரும் கேட்டார். கேட்காதவர் மாதிரி இருந்துகொண்டார்.

கடைசி வேலைக்காகக் கால் மறுபடி பட்டறைக்கு வந்தது. கால்காரம்மா நுரைப் பஞ்சைக் குழாயைச் சுற்றி ஒட்டி, அவருடைய இன்னொரு காலிலிருந்து முன்பே எடுத்த அச்சைப் பார்த்துப் பார்த்துக் கெண்டைச் சதையைச் செதுக்கினாள். வயதான கெண்டை, கீழே கொஞ்சம் வற்றியது. அதை அப்படியே செதுக்கினாள், திருத்தவில்லை. தோல் நிறத்து உறையை இழுத்து மாட்டி, மடிப்புகளை உள்ளங்கையால் நீவினாள்.

அதை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கண்டக்டரின் மேல்மாடி அறைக்குப் போனாள். அன்று மகன் ஊருக்குப் போய்விட்டிருந்தான். அறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஜன்னலோரம் ஒரு நாற்காலி. கீழே பேருந்துகள் உறுமிக்கொண்டிருந்தன. கண்டக்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோலுக்குக் கை போனதும், “எந்திரிக்காதீங்க, நான் வர்றேன்” என்று சொல்லி அவள் அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

துணியைப் பிரித்தாள். அவர் கெண்டைச் சதையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் சொந்தக் காலைத் தொட்டுப் பார்த்தார்.

“இதுவும் கெழவன் காலுதான்” என்றார்.

“ஆமாண்ணே.”

“குடு.”

அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் காலைத் தூக்கி, கூடு அவர் பக்கமும் பாதம் தன் பக்கமுமாக, அவர் கைகளில் வைத்தாள்.